அது சந்தோஷக் கண்ணீர் இல்லை

டெட்ராய்ட்
26 ஜனவரி 2009

அன்பு மகள் ரெனெட்டுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சியோல் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, கார்தான் பனியில் கிளம்ப மாட்டேன் என்கிறது. உன் ஈமெயிலை அப்பா படித்துக் காட்டினார். டிவியில் என்னைப் பார்த்தாயாம், நம் கறுப்பு ஜனத்தின் முதல் ஜனாதிபதி பதவியேற்றதற்கு நான் வடித்த சந்தோஷக் கண்ணீரைப் பார்த்து நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும் அழுதார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. கோபம் உன்மேல் இல்லை, முழுக்கக் கேள்.

ஹோலிஸ் மாமாவின் அடக்கம் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன் அல்லவா, மண் உறைந்துபோய்க் குழி வெட்ட முடியாமல் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. பதவியேற்பும் அன்றைக்குத்தான். கல்லறையிலிருந்து திரும்பி சபையின் கீழ்க்கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம், பொரித்த கோழியும் கீரையும் பரிமாறும்போது யாரோ மூலையில் டிவியைப் போட்டுவிட்டார்கள். நானும் பார்த்தேன், மறைக்க மாட்டேன், நானும் அவருக்கு ஓட்டுப் போட்டவள்தான், மாமாவும் கைத்தடியோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்று போட்டவர். அப்புறம் மாமாவுக்குப் பிடித்த பாட்டை எடுத்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், போனவரை நாம் வெள்ளை உடுத்தி, கை தட்டி, பாடித்தானே அனுப்புவோம். அண்ணன் இனி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, கையை உயர்த்தி ஓவென்று அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு டிவிக் கூட்டம் கேமராவோடு உள்ளே நுழைந்தது. கறுப்பு ஜனங்கள் பாடி அழுகிறார்கள், மூலையில் ஜனாதிபதி பேசுகிறார், அவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

மைக்கை நீட்டிய பெண்ணிடம் இது சாவுச் சாப்பாடு என்று சொன்னேன். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனிதரை ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், அவருக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரருக்கு உடனே படுக்கை கிடைத்தது, இவர் வீட்டு வாசலிலேயே விழுந்து செத்தார் என்றும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். செய்தியில் என் அழுகை மட்டும் வந்தது. மறுநாள் போன் செய்தால், ஏம்மா, நாடே கொண்டாடுது, இப்பப் போய் சாவு கீவுன்னா யாரு பாப்பாங்க, இனிமே உங்க ஜனத்துக்கு எல்லாம் நல்லதுதானே என்கிறாள். அவளை விடு. நம் பாஸ்டர் ட்ரூவிட் என்ன சொன்னார் தெரியுமா, சிஸ்டர் வெர்னிஸ், நம்மாளு நாற்காலில உக்காந்து இன்னும் மூச்சுகூட விடல, அதுக்குள்ள ஏன் குறை சொல்லிக் கிளம்பறீங்க, கொஞ்சம் பொறுங்க என்றார். இத்தனை காலம் பொறுத்தது போதாதா, நம்மாள் வந்த பிறகும் நாம்தான் பொறுக்க வேண்டுமா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். இப்போது சபையில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், ஆஸ்பத்திரிமேல் புகார் எழுதி அனுப்பிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே, கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் எனக்காகச் செய். அந்த டிவிச் செய்தியின் வீடியோவை உன் டீச்சர்களுக்கு இன்னொரு தரம் போட்டுக் காட்டு. என் முழங்கைக்குப் பக்கத்தில், திரையின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு ஒரு போட்டோ தெரியும், பழுப்புக் கோட்டும் ஒரு காதும்தான் இருக்கும். அதைத் தொட்டுக் காட்டி, இது என் மாமா ஹோலிஸ், அம்மா அழுவது இவருக்காக என்று சொல்.

உன் அம்மா,
வெர்னிஸ்