கரெக்டா சொன்னேனாம்மா?

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

ஷெட்டிலிருந்து வீடு வர ஆறரை ஆகிவிட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டே உப்பு பாக்கெட் போட்டதில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து எரிகிறது. நிலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு முடியப் போகிறது, எட்டாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை. எட்டேழு எவ்வளவு என்றேன். ஐம்பத்துநாலு என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் ஐம்பத்துநாலு. ஸ்கேலை எடுத்தேன்.

எத்தனை அடி என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. பிறகு நானே தேங்காய் எண்ணெய் தடவினேன், மடியில் போட்டுக்கொண்டேன், கடைக்குப் போய் சாக்லேட் வாங்கி வந்தேன். அடித்த பிறகு எனக்கு ஒரு பாசம் வருமே, அது அடியைவிடக் கேவலம்.

பிப்ரவரி 14

இன்று அடிக்கவில்லை. நேற்றும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவர் வந்திருந்தார். ஒரகடத்தில் கம்பெனி வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் லீவு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது விளையாட்டாக நிலாவிடம் கேட்டார்: “அம்மா அடிக்குதாடி உன்ன?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். “இல்லப்பா.”

அவர் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டார். நான் பெரிய துண்டாகப் பார்த்து நிலாவின் தட்டில் வைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எப்படி எழுதுவேன்.

புது வாட்டர் பாட்டிலை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தாள். இந்த வருஷத்தில் மூன்றாவது. “எங்கடி வெச்ச, எங்கடி வெச்ச” என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்து – தள்ளினேன். தள்ளித்தான் விட்டேன், அவள் தானாக விழவில்லை. கதவு நிலைப்படியில் கை மடங்கி விழுந்தாள். சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிவு. டாக்டரம்மா “எப்படி ஆச்சு?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நிலா சொன்னாள்:

“உப்பளத்து வரப்புல ஓடனேன் டாக்டர். செருப்பு போடல. வழுக்கி வுழுந்துட்டேன்.”

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. செருப்பு போடவில்லை என்பதைக்கூட அவளே சேர்த்துக்கொண்டாள். டாக்டரம்மா என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். நான் கதவில் காதை வைத்தேன். உள்ளே அவள் அதே வரப்பு, அதே செருப்பு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே வந்தாள்.

“கரெக்டா சொன்னேனாம்மா?”

பிப்ரவரி 25

வேலைக்குப் போகவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். டாக்டரம்மா யாரிடமாவது சொல்லியிருப்பாரா? எதற்குப் பயப்படுகிறேன்? மாட்டிக்கொள்வேன் என்றா? மறுபடியும் செய்வேன் என்றா?

பிப்ரவரி 27

அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். அவரிடமும் வரப்புக் கதைதான். “பாத்து ஓட மாட்டியா? கண்ணு எங்க வெச்சிருந்த?” என்று நிலாவைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினாள். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. நான் ஒரு மனுஷியா?

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வைஜெயந்தி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நிலா ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தியை இடது கையால் கன்னத்தில் அறைந்திருக்கிறாள். அதோடு விடவில்லை. பாப்பாவின் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டு, பிஸ்கட் கொடுத்து, “அழுவாத, யாராச்சும் கேட்டா வுழுந்துட்டேன்னு சொல்லு” என்றாளாம்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. “வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாங்க?”

“ஒண்ணும் இல்லைங்க டீச்சர்” என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வெளியே வரும்போது சுவரில் பெரிதாக 1098, குழந்தைகள் உதவி எண் என்று எழுதியிருந்தது. தினமும் பார்க்கிற சுவர்தான்.

மார்ச் 5

மூன்று தடவை நம்பரைப் போட்டேன். மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் கட் செய்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பேசிவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், ஷெட்டுக்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில் நின்று.

ஒரு பெண் பேசினாள். சின்ன வயசுக் குரல். குழந்தை பெயர் கேட்டாள், வயசு கேட்டாள், கையைப் பற்றிக் கேட்டாள். “யாரு அடிக்கிறாங்க, தெரியுமாங்க?”

“நான்தாங்க. நான் அவ அம்மா.”

அவள் “லைன்லயே இருங்கம்மா” என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அட்ரஸ் கேட்டாள்.

சாயங்காலம் அவருக்குப் போன் செய்து சொன்னேன். “பைத்தியமாடி உனக்கு? எந்த வூட்லடி அம்மா புள்ளைய அடிக்கல? எவனாச்சும் போயி தன்னையே புடிச்சுக் குடுப்பானா?” என்று கத்தினார். திடீரென்று அவர் குரல் இறங்கியது. “அந்தக் கை… வரப்புல வுழலையா?”

“இல்லைங்க.”

போனை வைத்துவிட்டார்.

மார்ச் 8, சனி

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கௌதமன் என்கிறவரும் ஒரு மேடமும் வந்தார்கள். ஜீப் நின்றதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மேடம் நிலாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். வரப்பு. செருப்பு போடல. வழுக்கிச்சு. மேடம் வெளியே வந்து சொன்னதும் கௌதமன் சார் என்னைப் பார்த்தார்.

நான் உள்ளே போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். “நிலா, உண்மைய சொல்லும்மா. அம்மாவே சொல்லிட்டேன்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஏம்மா சொன்ன? இப்ப உன்ன இட்டுக்கினு போய்டுவாங்களா?”

அப்போதுதான் அழுதாள். கை உடைந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மார்ச் 12, புதன்

விழுப்புரம். குழந்தைகள் நலக்குழு. அவரும் வந்தார், என் பக்கத்தில் உட்காரவில்லை. கேஸ் போடுவதைப் பற்றிப் பிறகு முடிவு செய்வார்களாம். இப்போதைக்கு நிலா கிளியனூரில் அவருடைய அக்கா அமராவதி அண்ணி வீட்டில் இருக்க வேண்டும், முழுப் பரீட்சையும் அங்கேயே எழுதலாம். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம், அண்ணி கூட இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திண்டிவனத்தில் எனக்குக் கவுன்சிலிங்.

நிலாவின் துணிப்பையை அண்ணி வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவாளா?

மார்ச் 19

கவுன்சிலிங்கில் கேட்டார்கள்: “உங்கள உங்கம்மா அடிப்பாங்களா?” என் அம்மா என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். நிலா கதவோரத்திலேயே நின்றாள். மாவுக்கட்டின் மேல் யாரோ பூ வரைந்திருந்தார்கள். சாப்பிட்டியா என்றேன். சாப்ட்டேன் என்றாள். வேறென்ன பேசுவது? அரை மணி நேரம் மூன்று பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 11

ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். டீ குடிக்கும்போது ஒருத்தி, “நாங்கெல்லாம் அடிச்சுத்தான் வளத்தோம், போலீசுக்கா போனோம்?” என்றாள். இன்னொருத்தி எதுவும் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் தனியாக வந்து, “அந்த நம்பர் என்னா?” என்று கேட்டாள். ஏன் என்று கேட்காமல் சொன்னேன்.

மே 4, ஞாயிறு

கட்டுப் பிரித்தாயிற்று. கை மெலிந்து போயிருக்கிறது. அண்ணி முதல்முறையாக எனக்கும் சேர்த்துச் சாதம் போட்டாள். அவரிடமிருந்து இரண்டு நாளைக்கு ஒரு போன், சாப்பிட்டியா என்று மட்டும்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. குழந்தை விருப்பப்பட்டால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் அவளையே கேட்க வேண்டும் என்று கௌதமன் சார் சொல்லியிருந்தார். வீட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வருவாள் என்று நினைத்துவிட்டேன் போல.

அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன். “நிலா, வூட்டுக்குப் போலாமா?”

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

“வரலம்மா. இன்னும் பயமா இருக்குது.”

அண்ணி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “சரிம்மா” என்றேன். வேறு எதையாவது சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அண்ணியுடன் அவளும் வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டாள்: “அடுத்த ஞாயித்துக்கெழம வருவியா?”

“வருவேன்.”

“வரும்போது எறா தொக்கு செஞ்சு எடுத்துக்கினு வா. அத்த செய்யறது ஒறப்பே இல்ல.”

“ஏய்!” என்று அண்ணி அவள் தலையில் செல்லமாகக் குட்டப் போனாள். நிலா சிரித்துக்கொண்டே குனிந்து தப்பினாள்.