கிளீனர் தண்ணீர் குடித்த மத்தியானம்

என் ஆசை அண்ணனுக்கு,

கிளீனர் பிழைத்துவிட்டான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஒருவேளை உனக்கு முன்பே தெரியுமோ என்னவோ. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து நீ மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றிப் போகும்போதெல்லாம் லாரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாய். கிளீனர் வேலைக்கு ஆள் நிற்காத குறைக்கு இவனே போதும் என்று நீ வைத்த பெயர். கூட்டேரிப்பட்டில் லாரி புளியமரத்தில் மோதி நீ எங்களை விட்டுப் போன அன்று, அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. விழுப்புரத்துக்கு, என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தான்.

போன மாதம் நானும் அவனும் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். தெருவில் ஆள் இல்லை. சிறுபாலத்தின் அடியிலிருந்து ஒரு செவலை நாய் வெளியே வந்தது. குரைக்கவில்லை, உறுமக்கூட இல்லை. நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தது. கிளீனர் குறுக்கே பாய்ந்தான். அவன் கழுத்தைக் கவ்வி உலுக்கும்போதும் அதனிடம் சத்தமே இல்லை, அண்ணா. சைக்கிளில் வந்த ஒருவர் கல்லெடுத்து அடித்த பிறகு அவனை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து போயிற்று.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தையல் போட்டார். "கடிச்சது வெறிநாயா இருந்தா இதுவும் தப்பாது. கட்டி வைச்சிப் பாருங்க, கிட்டப் போவாதீங்க. தண்ணியக் கண்டு மெரண்டுச்சின்னா ஒடனே சொல்லி அனுப்புங்க" என்றார்.

கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டினோம். அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி, மூங்கில் கழியால் தள்ளிவிடுவேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மறுநாளும் அப்படியேதான்.

"பாத்துக்கினே நிக்கிறியே, வூட்ல பச்சப்புள்ள கீது. ஆள வுட்டு அடிச்சிடச் சொல்லும்மா" என்று மாமியார் அழாத குறையாகச் சொன்னார். உன் மச்சான் மட்டும், "நாளைக்கு ஒரு நாளு பாக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கிளீனர் கிடந்த பக்கம் பார்க்காமலே வெளியே போனார்.

அந்த மறுநாள் மத்தியானம். நான் அடுப்படியில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். கொல்லையில் சீட்டிச் சத்தம். குட்டையாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று. டீக்கடையில் லாரியை நிறுத்திவிட்டு அவனை இறங்கச் சொல்ல அடிப்பாயே, அதே சீட்டி.

கதவிடுக்கில் பார்த்தேன். யாருமில்லை. ஒரு முருங்கை இலைகூட அசையவில்லை. கிளீனர் எழுந்து நின்று, எதிரே ஓர் ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வால் மெல்ல ஆடியது. பிறகு குனிந்து, தட்டு காலியாகும் வரை நக்கி நக்கிக் குடித்தான்.

அன்று அந்தத் தட்டை நான் தள்ளவே இல்லை, அண்ணா. இன்றைக்கும் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில், கொல்லை வாசற்படி ஓரமாகவே வைத்துவிட்டு வந்திருந்தேன். கயிறு எட்டாத இடம் அது. அவன் குடித்ததோ மரத்தடியில்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கூடத்திலிருந்து மாமியார், "யாரு அது, பொம்பளைங்க இருக்கற வூட்டாண்ட சீட்டி அடிக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

சாயங்காலம் உன் மச்சான் காலித் தட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

"நீ தள்ளி வைச்சியா?"

"இல்லீங்க."

"அம்மா வைச்சிருக்கும்" என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் தனியாகக் கொல்லைக்குப் போவதில்லை.

அந்தச் செவலை நாய் பாலத்தடியில் குட்டி போட்டிருந்ததாம். நன்றாகத்தான் இருக்கிறது, தின்கிறது, குடிக்கிறது. அது கடித்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. மற்றதற்கு யாரிடம் காரணம் கேட்பது?

தையல் பிரித்தாயிற்று. கழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது, அவ்வளவுதான். தெருவுக்குக் கரண்ட் வந்திருக்கிறது. புதுக் கம்பம் ஒவ்வொன்றையும் மோந்துவிட்டு வருகிறான். மத்தியானமானால் மட்டும் முருங்கை மரத்தடிக்குப் போய்விடுகிறான். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்காருகிறான். அப்போது நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அவனைப் பிழைக்க வைக்க வந்தாயா, கூட்டிக்கொண்டு போக வந்தாயா? கூட்டேரிப்பட்டில் ரோட்டோரம் கிடந்தபோது நீ தண்ணீர் கேட்டாயாமே. யாராவது கொடுத்தார்களா? யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இனி அவனைக் கட்டிப்போட மாட்டேன், அண்ணா. மரத்தடியில் தட்டில் அவனுக்கும் சொம்பில் உனக்கும் தண்ணீர் வைக்கிறேன். எனக்குப் பயம்தான். ஆனாலும் அடுத்த முறை சீட்டி கேட்டால், தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வெளியே வருவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
விழுப்புரத்துத் தங்கச்சி