மூன்றாவது அறைக்கான பலகைகள்

நவம்பர் 29

எழுந்ததும் முதல் வேலையாகத் துடைப்பத்தோடு மாடியேறினேன். இரவு முழுக்க ஃபுவேகோ எரிமலை தும்மியிருக்கிறது. தகரக் கூரையெல்லாம் சாம்பல். பெருக்கிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து என் கணவன் ஓத்தோனியல் குரல் கொடுத்தான்: "இந்தப் பலகைங்களைப் பிசாசு எரிக்கிற அன்னைக்கு நெருப்புல போட்டுடவா?"

மாடியில் மூன்றாவது அறை கட்ட நான் சேர்த்து வைத்திருப்பவை. டிசம்பர் ஏழாம் தேதி வீட்டுக்கு வீடு பழசையெல்லாம் வாசலில் கொளுத்திப் பிசாசை விரட்டுவது எங்கள் ஊர் வழக்கம்.

"தொட்டுப் பாரு, உன்னையும் சேத்து எரிக்கிறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

சிமால்தெனாங்கோவில் அவன் அண்ணன் வீட்டில் பாதி காலியாக இருக்கிறது, அங்கே குடிபோய்விடலாம் என்கிறான். பள்ளி திறக்குமுன் நான் பதில் சொல்ல வேண்டும். சில வருடம் முன்னால் ஒரு ஜூனில் மலை வெடித்துக் கீழேயிருந்த ஊரையே சாம்பலால் மூடிய நாளிலிருந்து இதே பேச்சு. அவனுக்குப் பயம். எனக்கோ — இது நான் கட்டிய வீடு. எப்படி விடுவது?

டிசம்பர் 3

எங்கள் பள்ளி டீச்சர்கள் ஆறு பேர் பக்கத்து மலை அகதெனாங்கோ ஏறப் போகிறோம்! அதன் மேலிருந்து பார்த்தால் எதிரிலேயே ஃபுவேகோ நெருப்பு கக்கும். எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலடியிலேயே பிறந்து வளர்ந்த நான் பார்த்ததில்லை. ஏழாம் தேதி போகிறோம், பிசாசு எரிக்கிற அன்றைக்கே.

"பக்கத்துலயே போய்ப் பாத்துட்டு வரேன். ஒண்ணும் பண்ணாதுன்னு அப்பவாவது நம்புவியா?" என்றேன்.

"பாரு. நல்லா பாரு" என்றான்.

டிசம்பர் 6

நாளைக்கு! தூக்கமாவது ஒன்றாவது.

டிசம்பர் 8

படியேற முடியவில்லை, முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

கூடாரம் போட்டுப் பைகளைத் திறந்தால் எல்லாவற்றிலும் தமால்! பண்டிகை நாளாயிற்றே என்று ஒவ்வொருத்தியும் ஆறு பேருக்கும் சேர்த்துச் சோளமாவை இலையில் கட்டி அவித்துக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்கு இடம் வேண்டுமென்று தண்ணீர் பாட்டில்களை வீட்டிலேயே வைத்துவிட்டோம், எல்லாருமே. மலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வழிகாட்டிப் பெண் டாமரிஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வெளிநாட்டுக்காரங்களுக்குக்கூட தண்ணி தூக்கிட்டு வரத் தெரியுது. நீங்க என்ன டீச்சர், கல்யாணத்துக்கா வந்தீங்க?"

"கல்யாணம்தான்டி" என்றாள் கணக்கு டீச்சர் மிர்ஸா. "எதிர்ல பாரு, மாப்பிள்ளை!"

அவள் வாய் மூடவில்லை, ஃபுவேகோ வெடித்தது. செக்கச்செவேலென்று வானத்தில் எழுந்து, நிதானமாகச் சிதறி... நான் கத்தினேன். எல்லாரும் கத்தினோம். மிர்ஸா என் கையை உடைத்துவிடுவாள் போலப் பிடித்திருந்தாள். இத்தனை வருடம் ஜன்னல் அதிர்ந்ததெல்லாம் இதனாலா!

இருட்டும் நேரத்தில் கீழே ஊர் ஊராக வாசல் நெருப்புகள் பற்றின. எங்கள் தெருவையும் கண்டுபிடித்துவிட்டேன், எங்கள் ஊர் அலோதெனாங்கோவின் தேவாலயத்துக்குத் தெற்கே, சின்னச் சின்னப் புள்ளிகள். அதில் ஒன்று ஓத்தோனியல். மறுபடி வெடித்தது. பாறைகள் தணலாக உருண்டு ஒரு பள்ளத்தில் விழுந்து அணைந்தன. அந்தப் பள்ளம் எங்கே போகிறது? கண்ணாலேயே அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இருட்டான கோடு. நேராக எங்கள் புள்ளிகளிடம் வந்து நின்றது.

வீட்டிலிருந்து பார்த்தால் இது தெரியாது. வீட்டிலிருந்து மலை மட்டும்தான் தெரியும்.

ராத்திரி ஒவ்வொரு வெடிக்கும் மற்றவர்கள் அலறி எழுந்தார்களாம். நான் குறட்டை விட்டேனாம். விழித்தது அது அடங்கியபோதுதான். எங்கள் ஊரில் சத்தம் நின்றால்தான் பயம், மலை பெரிதாக எதற்கோ மூச்சுப் பிடிக்கிறது என்பார்கள். அப்படியே உட்கார்ந்து, அடுத்த வெடிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு... வந்தது. நெஞ்சு நிறைந்தது. இதுவா எனக்கு நிம்மதி?

விடியும்போது உச்சி. காற்று ஆளைத் தள்ளியது. டாமரிஸ் கொடுத்த ஒரே பாட்டிலில் கடைசி மடக்கை ஆறு பேரும் பங்கு போட்டுக் குடித்தோம். இந்த வயதில் இப்படிக் குதிப்பேன் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வீடு திரும்பியதும், "எப்படி இருந்தது?" என்றான் ஓத்தோனியல்.

"குளிர்" என்றேன். அவன் பலகைகளைத் தொடவே இல்லை, அப்படியே அடுக்கி இருந்தன.

டிசம்பர் 9

அவன் வேலைக்குப் போனதும் பலகைகளை ஒவ்வொன்றாக வாசலுக்கு இழுத்துவந்து பற்றவைத்தேன். நன்றாக எரிந்தன.

எதிர்வீட்டு டோன் சிரீலோ எட்டிப் பார்த்தார்: "என்ன டீச்சர், பிசாசு முந்தாநாளே போயிட்டானே!"

"எங்க வீட்டுல ஒருத்தன் பாக்கி இருந்தான்" என்றேன்.

பின்னால் ஃபுவேகோ உறுமியது. திரும்பிப் பார்த்தேன், ஆசையாகத்தான். பிறகு சாம்பலைப் பெருக்கினேன்.

ஓத்தோனியல் வந்ததும் பலகை எங்கே என்பான். இன்று சொல்லிவிடுவேன்: பள்ளி திறக்குமுன் போய்விடலாம்.