அடிமைத்தனத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த வசனங்கள்

என் பிரியமுள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

போன வெள்ளி ஜெபத்துக்கு வந்தது நான், இவர், மகள் ஜெனி, சாமுவேல் அங்கிள், அவர் மருமகள். அவ்வளவுதான். இங்கே ரிச்சர்ட்சனில் நீங்கள் ஆரம்பித்துவைத்த கூட்டம், நீங்கள் ஊர் மாறிப் போன பிறகு இப்படிச் சுருங்கிவிட்டது.

வாசிக்கும் முறை ஜெனிக்கு வந்தது. வேதத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். "வயசுப் பிள்ள, விடும்மா" என்றார் அங்கிள். வயசு இல்லை அக்கா.

அடிமைத்தனத்தை ஒழிக்கலாமா வேண்டாமா என்று அந்தக் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மோதிக்கொண்டார்களே, அந்த விவாதத்தை இவள் வகுப்பில் மறுபடி நடத்தினார்கள். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது 'ஒழிக்க வேண்டாம்' பக்கம். தென்மாநிலத்துப் பெரிய மனிதர்கள் வேதத்தைக் காட்டியே பேசினார்களாம். "அந்த மாதிரி வெர்ஸ் உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் வேதத்தைப் பற்றிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! போட்டி போட்டு மனப்பாடம் செய்தவர்கள் அல்லவா நாம். தோசை சுட்டுக்கொண்டே, அடிமை எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் தொடங்கி அதிகாரமும் வசனமுமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

ஜெயித்துவிட்டாள். எதிரணியில் பேசிய கறுப்பினத் தோழி அன்றிலிருந்து இவளோடு சாப்பிட உட்காருவதில்லை.

மாடிக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். "அந்தப் பெரிய மனுஷங்க பொய் சொல்லலம்மா. வேதத்துலதான இருக்கு. நீ யோசிக்கக்கூட இல்ல" என்றாள். விடுதலை கேட்டவர்களும் இதே வேதத்தைத்தான் பிடித்திருந்தார்கள் என்றேன்.

"அப்போ ரெண்டு பேருக்கும் யூஸ் ஆகுது. எனக்கு வேணாம்."

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்து நடுவே சுவர் வைத்திருக்கிறார்கள், உங்கள் அப்பா ஒதுக்கிவைத்த பக்கத்தில் கிடக்கிறார் என்று ஒருநாள் காய் நறுக்கியபடி சொன்னீர்கள். வெங்காயம் போதுமா என்று கேட்டேன் நான்.

சுவர் வைத்தவர்களும் ஞாயிறுதோறும் அதே பிரசங்கத்தைத்தானே கேட்டிருப்பார்கள்? அதன் பிறகும் நீங்கள் எப்படி முழங்கால் போட்டு ஜெபித்தீர்கள்? கோபம் வரவில்லையா? வந்த கோபத்தையும் ஆண்டவரிடமே சொன்னீர்களா?

ஜெனியை இனி வற்புறுத்த மாட்டேன். அந்த வசனங்கள் இல்லாததுபோல் தாண்டியும் போகமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஆனால் அவளிடம் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போய்விடுவாள். சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கள் அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
எஸ்தர்