ஜெபக் குறிப்பு

பித்துங்,
6 மார்ச் 2007

வோனி,

நீ என் தம்பியைக் காட்டிக்கொடுத்தாய். கண்களை மூடி, கைகளைக் கூப்பி, இருபத்தொரு வீட்டாரும் ஆமென் சொல்லும்படி காட்டிக்கொடுத்தாய்.

கைப்பேசியில் அழைக்காதே. நீ அழுவாய், நான் அடங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நோல்டி கப்பல் வேலையிலிருந்து எச்.ஐ.வி.யோடு திரும்பியதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். வீடு வீடாகக் கூடும் நம் புதன்கிழமை ஜெப வட்டத்தின் உதவிக்காரி என்பதற்காக அல்ல, ஆறு வயதிலிருந்து என் சிநேகிதி என்பதற்காகச் சொன்னேன். தட்டால் ஒட்டாது என்று மருத்துவர் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அடுத்த புதனே நீ கூட்டத்தில் ஜெபித்தாய்: "ஆண்டவரே, எங்க தம்பி நோல்டி ரத்தத்துல இருக்கிற அந்த நோயைத் தொடும்." அவன் உனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான்.

மறுவாரம் வட்டம் கூடியது எங்கள் வீட்டில். நீ காகிதத் தட்டுகளோடு வந்தாய். "கழுவுற வேலை மிச்சம்டீ" என்றாய். அதற்கடுத்த வாரம் ஓல்கா வீட்டில் பீங்கான் தட்டுகள். அங்கே கழுவ வேண்டாமா? சந்தையில் என் அவித்த அப்பங்கள் மதியம்வரை கூடையிலேயே கிடந்தன. அடுத்த சுற்றின் அட்டவணையில் எங்கள் வீடே இல்லை. பிறகு அந்த ஊரில் எப்படி இருப்பது? இங்கே துறைமுகத்தின் பக்கம் ஓர் அறை எடுத்திருக்கிறோம்.

நீ செய்ததற்கு என்ன பெயர்? அன்பு என்று மட்டும் எழுதிவிடாதே.

மைஸ்கே

*

தோமோஹோன்,
12 மார்ச் 2007

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மைஸ்கேக்கு,

உனக்கும் நோல்டிக்கும் சமாதானம் உண்டாவதாக. உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

இருபத்தொரு வீடு சேர்ந்து கேட்டால் சுகம் கிடைக்கும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். யாராவது தட்டைத் தொடத் தயங்கி அவன் மனம் நொந்துவிடக் கூடாதே என்றுதான் காகிதத் தட்டு வாங்கினேன். அட்டவணையைப் பற்றிச் சபை மூப்பர் சொன்னார்: "பாவம், அவங்களுக்கு இப்ப விருந்தாளி தொந்தரவு வேண்டாம்." நான் அதை எழுதினேன், அவ்வளவுதான். எல்லோரும் உங்களை அன்போடு விசாரிக்கிறார்கள். பொட்டலத்தில் புகைபோட்ட சூரை மீன் இருக்கிறது.

கோபிக்காமல் ஒன்றுக்குப் பதில் சொல். உன் வீட்டு அலமாரியின் உச்சியில் நோல்டியின் நீலக் கோப்பை மட்டும் தனியாக இருந்ததே, அதை அங்கே வைத்தது யார்?

உன் வோனி

*

பித்துங்,
20 மார்ச் 2007

வோனி,

பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். மீனுக்கு அடியில் சுகமளிக்கும் கூட்டத்தின் துண்டுத்தாள் ஏதும் இருக்கிறதா என்றும் தேடினேன். என்னை இப்படி ஆக்கிவிட்டீர்கள். விசாரிக்கிறார்களாமே, எப்படி இருக்கிறான் என்றா, எப்போது போவான் என்றா? நோல்டி மீனை மிளகாய் அரைத்துப் பொரித்துத் தின்றுவிட்டான். "சந்தேகத்தை நீ வச்சுக்கக்கா, மீனை எனக்குக் குடு" என்கிறான்.

கோப்பையை அங்கே வைத்தது நான்தான். தட்டிலும் கோப்பையிலும் ஒட்டாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஆறு வாரம் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே அவனிடம் சொல்லிவிடத் தீர்மானித்தேன். ஜெபிக்கும்போது ஆண்டவரிடம் சொல்வதுபோல் அவன் காதில் போட்டுவிடலாம் என்று முதலில் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. உனக்கு அது முன்பே தெரியும்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னேன். "தெரியும்கா. ஒவ்வொரு காபிக்கும் முக்காலி போட்டு ஏறி எடுத்தது நான்தானே" என்றான். சிரித்தான். பிறகு துறைமுகத்துப் பக்கம் போனவன் மாலையில்தான் திரும்பினான். மறுநாள் என் கோப்பையிலேயே காபி ஊற்றிக் குடித்துவிட்டு, மீதியை என் பக்கம் நகர்த்தினான். குடித்தேன்.

மாத்திரை அவனுக்கு ஒத்துக்கொண்டது. எடை கூடுகிறது. ஊருக்குத் திரும்பிப் பாடகர் குழுவில் நிற்க வேண்டும் என்கிறான். எனக்குத்தான் பயம். அதனால் கேட்கிறேன். ஈஸ்டர் கழிந்த புதன், ஜெபம் தொடங்குமுன், எல்லோரும் விழித்திருக்கும்போது எழுந்து சொல்: "நோல்டியைக் கேக்காம அவன் நோயைச் சொன்னேன். அது தப்பு. தட்டால ஒட்டாதுன்னு மைஸ்கே சொல்லியும் காகிதத் தட்டு வாங்குனேன்."

அவ்வளவுதான். வசனம் எதுவும் சேர்க்காதே.

மைஸ்கே

*

தோமோஹோன்,
3 ஏப்ரல் 2007

கர்த்தருக்குள் அன்பான மைஸ்கேக்கு,

உயிர்த்தெழுந்த நாளின் வாழ்த்துகள். இந்த வருடம் ஆலயத்துக்கு வெள்ளை அல்லிகள் நிறைய வந்திருக்கின்றன. உங்களுக்காக வாரம் தவறாமல் ஜெபிக்கிறோம்.

வோனி

*

பித்துங்,
14 ஏப்ரல் 2007

வோனி,

ஓல்கா கைப்பேசியில் பேசினாள். புதனன்று நீ எழுந்து நின்றாயாம். பிறகு எல்லோரையும் தலைவணங்கச் சொல்லிவிட்டு, "ஊருக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம்" என்று பெயர் சொல்லாமல் ஜெபித்தாயாம். குரல் தழுதழுத்ததாம். "அழகா இருந்துச்சு மைஸ்கே" என்றாள் ஓல்கா.

நோல்டி புதுக் கால்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான். இருபத்தைந்தாம் தேதி, புதன், மதியப் பேருந்தில் வருகிறோம். அன்று மாலை வட்டம் உன் வீட்டில் என்பதும் தெரியும். இருவரும் வருவோம்.

நான் கேட்டது ஜெபம் இல்லை.

மைஸ்கே

*

பித்துங்,
24 ஏப்ரல் 2007

வோனி,

தபால்காரர் இன்றும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்று மாலைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

நோல்டி மூட்டை கட்டுகிறான், பாடிக்கொண்டே. உன்னிடம் நான் கேட்டதைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நாளை உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுமுன் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து, எல்லோர் எதிரிலும் சொல்வாயா, மாட்டாயா?

மைஸ்கே