நான் செத்துப்போன பக்கம்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் நலம். இந்தத் தடவை அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வெட்கக்கேடு. நீ அனுப்பின நம் தம்பியின் நாவலைப் படித்தேன், பிரமாதம் என்று உனக்கு எழுதினேனே, பொய். மூன்று வருஷமாக அது தையல் மெஷின் காலுக்கு அடியில்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அத்தனை பக்கம் எதற்கு? ஆனால் மெஷின் ஆடவே இல்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே இலக்கிய விழாவுக்கு வந்திருந்தான். என்னிடம் சொல்லவில்லை, சுவரொட்டியில் பார்த்தேன். கடையைப் பூட்டிவிட்டுப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ராஜா மாதிரி இருந்தான். முடிதான் பாதி காலி செய்துகொண்டு போய்விட்டது.

புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்தான். பதினொரு வயசு அக்கா, காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி, வாசலில் டாக்டரின் செருப்பு. எல்லாம் நம் வீடுதான். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், பதினெட்டாம் நாள் அந்த அக்கா செத்துப்போகிற வரைக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து இருக்கை அம்மா தேம்பி அழுதார். நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஒருவர் எழுந்து, இதெல்லாம் நிஜமா சார் என்று கேட்டார். ஒரு வரிகூடக் கற்பனை இல்லீங்க என்றான் உன் தம்பி. என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன்.

பதினெட்டாம் நாள் நான் எழுந்து தையல் கடைக்கு வேலைக்குப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனீர்கள். அதை எழுத அவனுக்குக் கை வரவில்லையோ என்னவோ.

கையெழுத்து வரிசையில் நின்றேன். தலை நிமிராமல் பேர் என்னங்க என்று கேட்டான். செத்தவளுக்குப் பேர் எதுக்குடா என்றேன். நிமிர்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் சட்டைக் கைப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது. எப்போதும் என் ரவிக்கையில் குத்தியிருக்கும் நூல் கோத்த ஊசியை எடுத்து, அவன் கை மேசைமேல் இருந்தபடியே பொத்தானைத் தைத்தேன். விழாக்காரர் வந்து, யார் சார் இவங்க என்றார். தையல்காரிங்க என்று நானே சொல்லிவிட்டு நகர்ந்தேன். அத்தனை பேர் முன்னால் அவனைப் பொய்யனாக்க மனசு வரவில்லை.

அவன் என்னைச் சாகடித்ததை வாயால் சொல்ல முடியாமல்தான் நீ புத்தகத்தை அனுப்பியிருக்கிறாய். நான் செத்ததைப் படித்துவிட்டுப் பிரமாதம் என்று எழுதினேனே, என்ன நினைத்தாயோ.

அவனைத் திட்டாதே. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. அக்கா இருக்கிறாள், கோபமில்லை, ஒரு வேளை சாப்பிட வா என்று நீ சொல். புத்தகத்தை உருவி எடுத்துவிட்டேன்; மெஷின் ஆடுகிறது. நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன். நீயும் அவனும் நூறு வயசு இருங்கள்.

உயிரோடு இருக்கும்
உன் அக்கா

பின்குறிப்பு: ஒன்றை விட்டுவிட்டேன். நான் நாலு அடி போனதும் அவன் எழுந்து நின்று, இவங்க என்... என்று ஆரம்பித்தான். கண் சரியாகத் தெரியாமல் பொத்தானோடு மேசைவிரிப்பையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தண்ணீர் ஜாடி, பூச்சாடி, நாற்பது புத்தகம் எல்லாம் கீழே வந்தன. தையல் விடவில்லை.