அம்சவல்லி இரண்டாம் முறை போட்ட வரைபடம்

பாபநாசம்
10.3.2002

அன்பு மகன் கோவிந்தராசுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை அம்சவல்லியும் சுகமாக இருக்கிறோம், நீயும் பெங்களூரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அறுப்பு முடிந்து வயலில் உளுந்து நன்றாகப் பிடித்திருக்கிறது. நம் தெரு மனைக்கட்டு விஷயமும் முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இத்தனை பெரிய கடிதம்.

வாய்க்கால் ஓரம் தனக்குத்தான் என்று பக்கத்து வயல்காரர் ரெங்கசாமி மனுப் போட்டதில் இருபத்து மூன்று வீட்டுப் பட்டாவும் நின்றுபோனது உனக்குத் தெரியும். அம்சவல்லி தான் வேலை பார்க்கும் நில அளவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆட்டோகேட்டைத் தானாகவே தட்டிப் பழகி மனைகளுக்கு வரைபடம் போட்டாள். வகுப்பெல்லாம் வேண்டாம், நோண்டிப் பார்த்தாலே வந்துவிடும் என்று நீயும் போனில் சொன்னாய். தாலுகா சர்வேயர் வந்து படத்தைத் திறக்கச் சொல்லிப் பரப்பளவு பார்த்தால் இவள் எழுதியிருந்தது ஒன்று, கம்ப்யூட்டர் காட்டியது வேறு. கோட்டைக் கண்மட்டத்துக்கு இழுத்துவிட்டு அளவு எண்ணை அதன் மேலே வெறும் எழுத்தாகத் தட்டியிருக்கிறாள். "பாக்க நல்லாருக்கும்மா, அளக்க உதவாது" என்று தெருக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் தஞ்சாவூரில் மூன்று மாத வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரமே சிரித்துக்கொண்டு வந்து, "வாசக்கதவு இருக்கறது தெரியாம ஆறு மாசமா ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சிருக்கேம்மா" என்றாள். ஆனால் அங்கே வீட்டுப் பிளான்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நம் வாய்க்கால் வளைவை எப்படிக் கொண்டுவருவது என்று வாத்தியாருக்கே பிடிபடவில்லை, அதை இவளே நோண்டிக் கண்டுபிடித்து அவருக்கும் காட்டினாளாம்.

பிறகு அவளும் அப்பாவும் டேப் பிடித்து முதலிலிருந்து அளந்தார்கள். கிழக்குக் கோடியில் பக்கிரி வீட்டு வேலி ரெங்கசாமி வயலுக்குள் ஒரு முழம் போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது. "கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போடேன், யாருக்குத் தெரியப் போவுது" என்று பக்கிரி கெஞ்சினார். எனக்கும் அப்படித்தான் மனசு ஓடியது, மறைப்பானேன். "போன தடவ தெரியாமத் தப்பாப் போட்டேன் மாமா, தெரிஞ்சே போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பக்கிரி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. ரெங்கசாமி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த வேலியப் பத்தி நான் கேக்கவே இல்லையேம்மா, நீயே காட்டுறியே. அப்ப வாய்க்கா ஓரமும் நீ போட்டது சரியாத்தான் இருக்கும்" என்று மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். பக்கிரியும் வேலியைப் பிடுங்கி உள்ளே நட்டுவிட்டார்.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை தம்பி, தானாகப் பழகியதும் அவளுக்குக் கைகொடுத்தது. ஆனால் அவளுக்கு நாலு வரி பாராட்டி எழுது, மறந்துவிடாதே. ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை பட்டா கொடுத்தார்கள், பெண்கள் பேரில்தான். ரேகை வைக்கச் சொல்லி மை டப்பாவை நீட்டினார்கள். நான் பேனா கேட்டு வாங்கி, அறிவொளி வகுப்பில் பழகிய கையெழுத்தை முழுசாகப் போட்டேன்.

உன் அம்மா,
அ. கமலவல்லி